தயார்நிலையைப் பராமரிப்புப் பிரிவிடம் கேளுங்கள்

சாலைக் கருவிகளோடு தகவல் பரிமாறும் இணைப்பு வாகனங்களுக்கும் ஓட்டுநரில்லா வாகனங்களுக்கும் தயாரா என்று அமெரிக்க மாநிலப் போக்குவரத்துத் துறைகளைக் கேட்டால், முன்னோட்டத் திட்டங்களை எண்ணிக் காட்டுவது வழக்கமாகிவிட்டது. இந்த அளவுகோலை நாம் கைவிட வேண்டும்.

5.9 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு நேர்ந்ததே போதிய பாடம். 1999-இல் வாகனத் தொடர்புக்கென 75 மெகாஹெர்ட்ஸ் ஒதுக்கிய கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையம், 2020-இல் அதில் 45-ஐ வைஃபை போன்ற பயன்பாடுகளுக்குத் திருப்பிவிட்டது. மிஞ்சிய 30-இலும், டிஎஸ்ஆர்சி என்ற குறுந்தூரத் தொடர்பு முறைக்குப் பதிலாக, செல்பேசித் தொழில்நுட்பம் சார்ந்த சி-வி2எக்ஸ் என்று முடிவெடுத்தது. கம்பங்களில் பொருத்திய டிஎஸ்ஆர்சி கருவிகளுக்கு எதிர்காலம் இல்லாமல் போனது. ஆனால் அவற்றோடு போட்ட ஃபைபர் கேபிளும் புதுப்பித்த சிக்னல் கன்ட்ரோலர்களும் இன்றும் பயன் தருகின்றன; பயிற்சி பெற்ற ஊழியர்களும் அப்படியே.

அன்றாடப் பராமரிப்பு ஏன் முக்கியம் என்று பார்க்க, சிக்னல் உள்ள ஒரு சாலைச் சந்திப்பை எடுத்துக்கொள்வோம். விளக்கு இப்போது என்ன நிறம், எப்போது மாறும் என்பதை, சந்திப்பிலிருந்து வாகனங்களுக்குச் செல்லும் ஸ்பாட் செய்தி நொடிக்குப் பத்து முறை சொல்கிறது. எந்தத் தடத்துக்கு எந்த விளக்கு என்பதைச் சொல்வது மேப் செய்தி. நேராகப் போகும் தடமொன்றை இடப்புறம் திரும்பும் தடமாக மாற்றிக் கோடு போட்டுவிட்டு, மேப் கோப்பைத் திருத்தாமல் விட்டால் என்ன ஆகும்? அந்தத் தடத்தில் நிற்கும் கார், நேராகச் செல்வோருக்கான பச்சையைத் தனக்கென்று எடுத்துக்கொள்ளும். கோடு போடும் குழுவின் பணி ஆணை சிக்னல் பிரிவுக்குப் போய்ச் சேராத துறை, எத்தனை கருவி வாங்கி வைத்திருந்தாலும் தயாரானதல்ல.

2023 டிசம்பரில் வந்த எம்யூடிசிடி என்ற அமெரிக்கச் சாலைக் குறியீட்டுக் கையேட்டின் 11-ஆம் பதிப்பு, தானியங்கி வாகனங்களுக்கென்றே ஐந்தாம் பகுதியைச் சேர்த்திருக்கிறது. விரைவுச் சாலைகளில் 6 அங்குல அகலக் கோடு போன்ற அடிப்படைகளையே அது வலியுறுத்துகிறது. மழை இரவில் கண் மங்கிய முதிய ஓட்டுநருக்கும் அதே கோடுதான் வழிகாட்டும். எனவே கோடுகளுக்கான செலவு வராத வாகனத்துக்காகச் செய்யும் சூதாட்டம் அல்ல.

தயார்நிலை மதிப்பீட்டுப் படிவத்தில் வேறு கேள்விகள் வேண்டும். தேய்ந்த கோட்டை எத்தனை நாளில் மீண்டும் போடுகிறீர்கள்? வேலை நடக்குமிடத்தில் கூம்புகளை நகர்த்தினால், வெளியிடும் தரவு எத்தனை நிமிடத்தில் மாறுகிறது? சிக்னல் கட்டுப்பாட்டுப் பெட்டியின் கடிகாரத்தை யார் சரிபார்க்கிறார்கள்? அதற்கு ஆண்டுதோறும் நிதி இருக்கிறதா?

இவற்றுக்குத் திட்டப் பிரிவு தனியாகப் பதில் எழுத முடியாது. பராமரிப்புப் பொறியாளரும் சிக்னல் டெக்னீஷியனும் கையெழுத்திடாத மதிப்பீட்டைத் துறைத் தலைவர்கள் ஏற்கக் கூடாது.