ஓடினால் போதுமா?

லினக்ஸ் கணினிக்கு எந்த வரைகலை அட்டை வாங்கலாம் என்ற கேள்வி எழும்போதெல்லாம் ஒரே பதில்தான் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. என்விடியா அட்டையை வாங்குங்கள், அந்நிறுவனம் தரும் டிரைவரை நிறுவுங்கள், எல்லாம் ஓடும். மூல நிரல் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்பதெல்லாம் வேலையற்றவர்களின் வேதாந்தம். இப்படிச் சொல்பவர்கள் தம்மை நடைமுறைவாதிகள் என்று அழைத்துக்கொள்கிறார்கள். அந்த நடைமுறையின் பெயராலேயே அவர்களை மறுக்க விரும்புகிறேன். வாங்கிய நாளில் ஓடுகிறதா என்று மட்டும் பார்ப்பது பாதிக் கணக்கு. பத்தாண்டு கழித்தும் ஓடுமா, ஓடாவிட்டால் அதைச் சரிசெய்யும் வழி யார் கையில் இருக்கிறது என்பது மீதிக் கணக்கு.

டிரைவர் என்பது என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். வரைகலை அட்டை தனக்கெனத் தனி மொழி கொண்ட ஒரு சிறு கணினி. இயங்குதளம் சொல்வதை அம்மொழியில் பெயர்த்துச் சொல்வது டிரைவரின் வேலை. நம் வாசகர்களுக்குப் புரியும்படி சொன்னால், அட்டை மூலநூல், டிரைவர் அதன் உரை. மூலத்தைக் காசு கொடுத்து வாங்கிவிட்டோம். உரையோ உரையாசிரியர் வீட்டுப் பெட்டியில் பூட்டிக் கிடக்கிறது.

இது லினக்ஸில் ஏன் பெரும் சிக்கலாகிறது? கெர்னல் எனப்படும் அதன் உட்கரு ஒன்பது, பத்து வாரங்களுக்கு ஒருமுறை புதிய பதிப்பாக வெளிவருகிறது. அதன் உள்ளமைப்பு மாறிக்கொண்டே இருக்கும். மாறாது என்று யாரும் உறுதி தருவதில்லை. டிரைவரின் நிரல் கெர்னலுக்குள்ளேயே இருந்தால், அமைப்பை மாற்றுபவரே அதையும் சேர்த்துத் திருத்திவிடுவார். வெளியே பூட்டிக் கிடந்தால், விற்ற நிறுவனத்துக்கு மனமிருக்கும் வரைதான் அது ஈடுகொடுக்கும்.

இரண்டு அட்டைகளின் கதையை அருகருகே வைத்துப் பார்க்கலாம். ஏஎம்டியின் ரேடியான் எச்டி 7970 கடைகளுக்கு வந்தது 2012 ஜனவரியில். 2021இல் அந்நிறுவனமே விண்டோஸ் டிரைவரில் இத்தலைமுறை அட்டைகளைக் கைகழுவிவிட்டது. லினக்ஸில் நடந்தது வேறு. 2025இல் வால்வ் நிறுவனத்துக்காக உழைக்கும் ஒரு பொறியாளர், இவ்வட்டைகளைப் பழைய டிரைவரிலிருந்து ஏஎம்டிஜிபியு என்னும் புதிய டிரைவருக்கு மாற்றுவதற்குத் தடையாயிருந்த குறைகளை ஒவ்வொன்றாக நீக்கினார். லினக்ஸ் 6.19 பதிப்பு முதல் அவற்றுக்குப் புதிய டிரைவரே இயல்பானதாயிற்று. தயாரித்தவர் கைவிட்ட பிறகு, பதினான்கு வயது அட்டை முன்னைவிட நன்றாக ஓடுகிறது.

அடுத்தது என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 1080. இது 2016இல் வந்தது. எச்டி 7970ஐவிட நான்காண்டு இளையது, ஆற்றலில் பன்மடங்கு பெரியது. 580 வரிசை டிரைவரே இத்தலைமுறைக்குக் கடைசி என்று 2025இல் அந்நிறுவனம் அறிவித்தது. அடுத்து வந்த 590 வரிசையில் அதற்கு இடமில்லை. பழைய வரிசை இன்னும் ஓடுகிறதே என்பார்கள். ஓடும், கெர்னல் அதைத் தாண்டிச் செல்லும் வரை ஓடும். 400, 500 எண்வரிசை அட்டைகளுக்கான 390 டிரைவருக்கும் இதுவே நேர்ந்தது. 2022உடன் அதன் ஆதரவு முடிந்தது. அதற்குப் பின் ஒட்டுப்போட்டு ஓட்டுவது பயனர்களின் தலைவிதியாயிற்று.

சரி, பூட்டியதை மற்றவர்கள் திறக்க முயலவில்லையா? முயன்றார்கள். நூவோ என்ற பெயரில் தன்னார்வலர்கள் ஆவணம் ஏதுமின்றி, நிறுவன டிரைவர் அட்டையோடு பேசுவதை ஒட்டுக்கேட்டு, அம்மொழியைக் கண்டறிந்து ஒரு திறந்த டிரைவரை எழுதினார்கள். 2010இல் வெளியான 2.6.33 கெர்னலில் அது இடம்பெற்றது. சிதைந்த ஏட்டுச்சுவடியைப் படித்துப் பாடம் கண்டதற்கு ஒப்பான உழைப்பு அது. ஆனால் 2014இல் வந்த ஜிடிஎக்ஸ் 900 வரிசையிலிருந்து, என்விடியா கையொப்பமிட்ட ஃபர்ம்வேர் இருந்தால் மட்டுமே அட்டையின் வேகத்தை மாற்ற முடியும் என்றாயிற்று. அதற்குத் தேவையானது நூவோவின் கைக்கு வரவில்லை. ஆகவே ஜிடிஎக்ஸ் 1080 அட்டை நூவோவில் ஓடினால், கணினியை இயக்கும்போது எழும் அந்தக் குறைந்த வேகத்திலேயே முடங்கிக் கிடக்கும். ஆவணம் தராதது அலட்சியம் எனலாம். சாவியைப் பிறர் செய்துகொள்ளவும் முடியாதபடி பூட்டை மாற்றியதை என்னவென்பது? 2012இல் பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்தில் பேசிய லினஸ் டோர்வால்ட்ஸ், தாம் கண்டவற்றிலேயே மோசமான நிறுவனம் என்விடியாதான் என்று நடுவிரலை உயர்த்திச் சொன்னார். அவர் நாகரிகம் பற்றி எனக்கு மாற்றுக்கருத்து உண்டு; அவர் கோபம் பற்றி இல்லை.

"ஓடும்" என்ற வாக்குறுதிகூட முழு உண்மையாக இருந்ததில்லை. லினக்ஸ் உலகம் வேலண்ட் என்னும் புதிய திரை முறைக்கு நகர்ந்தபோது, மற்றவர்கள் எல்லாரும் ஏற்ற வழியை விட்டுத் தனக்கென ஒரு வழியைப் பிடித்து நின்றது என்விடியா. 2021இல்தான் பொதுவழியையும் ஏற்றது. அதன் பிறகும் தொடர்ந்த திரைச் சிமிட்டலுக்கு 2024இல், 555 வரிசையில்தான் ஒழுங்கான தீர்வு வந்தது.

2022 மே மாதத்தில் அந்நிறுவனமே நிரலைத் திறந்துவிட்டதே என்பது அடுத்த வாதம். திறந்தது கெர்னலுக்குள் இயங்கும் பகுதியை மட்டும். அதுவும் 2018இல் வந்த டூரிங் தலைமுறைக்கும் அதற்குப் பிந்தையவற்றுக்கும் மட்டும். முன்பு டிரைவர் செய்த வேலைகளில் பெரும்பங்கு அட்டைக்குள்ளிருக்கும் மூடிய ஃபர்ம்வேருக்கு இடம்பெயர்ந்திருந்தது. ஓப்பன்ஜிஎல், வல்கன், கூடா ஆகியவற்றைச் செயற்படுத்தும் மேற்பகுதி இன்றும் மூடியே இருக்கிறது. ஆயினும் இதை ஒன்றுமில்லை என்று தள்ளமாட்டேன். அந்தத் திறப்பைப் பற்றிக்கொண்டு என்விகே என்ற திறந்த வல்கன் டிரைவரும், ரஸ்ட் மொழியில் நோவா என்ற புதிய கெர்னல் டிரைவரும் வளர்கின்றன. இவற்றைத் தொடங்கியவர்கள் வெளியார் என்பதையும் கவனிக்க வேண்டும். கதவு ஒரு சாண் திறந்தாலே இவ்வளவு நடக்கிறது.

நான் ஏஎம்டிக்கு வக்காலத்து வாங்குவதாக யாரும் எண்ண வேண்டாம். 2006இல் அது வாங்கிய ஏடிஐ நிறுவனத்தின் மூடிய டிரைவர் லினக்ஸ் பயனர்களிடையே வசைக்குப் பெயர்போனது. 2007இல் ஆவணங்களை வெளியிடத் தொடங்கிய பிறகே நிலைமை மாறியது. இன்றும் அதன் ஃபர்ம்வேர் மூடியதுதான். 2024இல் எச்டிஎம்ஐ 2.1 வசதியைத் திறந்த டிரைவரில் சேர்க்க அது முயன்றபோது எச்டிஎம்ஐ மன்றம் மறுத்துவிட்டது. இன்டெலின் திறந்த டிரைவர்களைப் புகழ்பவர்கள் ஜிஎம்ஏ 500ஐ மறந்துவிடுகிறார்கள். அதன் வரைகலைப் பகுதி வேறொரு நிறுவனத்திடமிருந்து பெற்றது. திறந்த நிரல் இல்லை. இன்டெல் பெயரை நம்பி அந்தச் சிறு மடிக்கணினிகளை வாங்கியவர்கள் திண்டாடினார்கள். ஆகவே நிறுவனத்தின் பெயர் எதற்கும் உத்தரவாதம் அல்ல. நிரல் எங்கே இருக்கிறது என்பதுதான் உத்தரவாதம்.

ஏஎம்டி அட்டைகளுக்கான ராட்வி என்னும் வல்கன் டிரைவரை 2016இல் தொடங்கியவர்கள் அந்நிறுவனத்துக்கு வெளியே இருந்தவர்கள். அது நிறுவனத்தின் சொந்த டிரைவரையே விஞ்சியது. 2025இல் ஏஎம்டி தன்னுடைய ஏஎம்டிவிஎல்கே டிரைவரை நிறுத்திவிட்டு ராட்வியை ஏற்றுக்கொண்டது. பூட்டிய வீட்டில் இது நடந்திருக்காது.

கூடா இல்லாமல் பிழைப்பு நடக்காதவர்கள் இருக்கிறார்கள். 2007 முதல் கட்டி எழுப்பப்பட்ட அந்த மென்பொருள் கோட்டைக்கு ஈடாக இன்னொன்று எளிதில் எழுந்துவிடவில்லை. அவர்கள் என்விடியா வாங்கட்டும். ஆனால் அது அவர்களுக்கு நேர்ந்த நிர்ப்பந்தம். அதையே எல்லாருக்குமான அறிவுரையாக்குவது தவறு. எழுதவும் படிக்கவும் படம் பார்க்கவும் விளையாடவும் கணினி வைத்திருப்பவருக்கு அந்த நிர்ப்பந்தம் இல்லை.

எனவே அட்டை வாங்கப் போகிறவர்கள் கடைக்காரரிடம் வேகத்தைக் கேட்பதற்கு முன், தாமே இரண்டு கேள்விகளுக்கு விடை தேடிக்கொள்ளட்டும். இதன் டிரைவர் கெர்னலுக்குள் இருக்கிறதா? திரைக்கு மேற்பகுதியான மேசா தொகுப்பில் இதற்குத் திறந்த நிரல் இருக்கிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால், விற்றவர் நாளை மனம் மாறினாலும் அட்டை உங்களுடையதாகவே இருக்கும். இல்லை என்றால், நீங்கள் தந்தது விலை அல்ல, எத்தனை ஆண்டுக்கு என்று சொல்லப்படாத வாடகை.