காடைக் கூண்டுக்கு உயரம் எதற்கு?

திண்ணையிலும் தாழ்வாரத்திலும் பத்து இருபது ஜப்பானியக் காடைகளை வைத்து வளர்க்கும் சிறு விவசாயிகள் பலரைப் பார்க்கிறேன். வரவேற்க வேண்டிய பழக்கந்தான். 6, 7 வாரங்களில் முட்டைக்கு வந்துவிடும் பறவை வேறு ஏது? ஆனால் இவர்கள் கேட்கும் கேள்விகளெல்லாம் தீவனத்தைப் பற்றியும் மருந்தைப் பற்றியுமே இருக்கின்றன. கூண்டைப் பற்றிக் கேட்பவர் அரிது. வீட்டுக் காடைகள் நோயால் சாவதைவிடக் கூண்டின் குறையால் சாவதே அதிகம் என்பது என் கருத்து.

முதல் குறை உயரம். பழைய கோழிக் கூண்டு ஒன்று சும்மா கிடக்கிறதே என்று அதில் காடையை விடுகிறார்கள். கோழி மிரண்டால் ஓடும். காடை மிரண்டால் நேர் மேலே எழும்பும். இரவில் பூனை வந்தாலும், டார்ச் வெளிச்சம் பட்டாலும், தீபாவளிக்கு வெடி வெடித்தாலும் இதே கதைதான். இரண்டடி, மூன்றடி உயரக் கூண்டில் அது வேகம் பிடித்து மேலே போய்க் கம்பியில் மண்டையை மோதிக்கொள்கிறது. தலைத்தோல் கிழிந்து, சில சமயம் கழுத்தும் முறிந்து காலையில் செத்துக் கிடக்கும். ‘பாம்பு தீண்டிவிட்டது’ என்று வீட்டார் நினைத்துக்கொள்வார்கள். ஆகவே கூண்டின் உயரம் 10 அங்குலத்தைத் தாண்ட வேண்டாம். எழும்ப இடமில்லாவிட்டால் வேகமும் இராது. அதற்கும் மேலாக, மேல்வலைக்குக் கீழே பழைய சாக்குத் துணி ஒன்றை இழுத்துக் கட்டிவிடுங்கள். செலவில்லாத வைத்தியம் இது.

இடத்தைப் பொறுத்தவரை, வணிகப் பண்ணைகளில் ஒரு காடைக்கு 150 முதல் 200 சதுர சென்டிமீட்டர் என்று கணக்கு. அதாவது சதுர அடிக்கு ஐந்து, ஆறு பறவைகள். வீட்டுக்குள் வளர்ப்போர் இக்கணக்கைப் பின்பற்றுவதை நான் ஏற்கவில்லை. பண்ணையில் காற்றோட்டத்துக்கென்றே கட்டிய கொட்டகை உண்டு. எச்சத்தை அள்ள ஆள் உண்டு. வீட்டில் இரண்டு நாள் அள்ளாவிட்டால் அம்மோனியா நெடி பறவைக்கும் ஆகாது, வீட்டாருக்கும் ஆகாது. சதுர அடிக்கு இரண்டு காடை போதும். 4 அடி நீளம், 2 அடி அகலமுள்ள பெட்டியில் 16 காடைகள் வசதியாக இருக்கும். அவற்றிலும் சேவல் நாலைந்துக்கு மேல் வேண்டாம். மிஞ்சினால் ஒன்றையொன்று கொத்திக் குதறும்.

வலை வாங்கும்போது வேலிக்குப் போடும் அறுகோணக் கோழிவலையை வாங்காதீர்கள். எலி நுழையும். அரை அங்குலக் கண்ணுள்ள வெல்டு வலைதான் ஏற்றது. அடியிலும் கம்பிவலையே போட்டால் இரவில் எலி கீழிருந்து காலைக் கடித்துவிடும். வீட்டு வளர்ப்புக்குப் பலகைத் தரையும் அதன்மேல் இரண்டங்குல நெல் உமியுமே நல்லது என்பேன். உமியைத் தினமும் கிளறி, ஈரமான இடத்தை மட்டும் அள்ளி மாற்றினால் போதும். ஒரு மூலையில் தட்டு நிறைய உலர்ந்த மணல் வையுங்கள். காடை அதில் புரண்டு குளிப்பதைப் பார்ப்பதே ஓர் அழகு. கூண்டின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தினால் எறும்பு ஏறாது.

கூண்டைச் சமையலறையிலும் படுக்கும் இடத்திலும் வைக்காதீர்கள். இறகுத் தூசி மூச்சுக்கு ஆகாது. எச்சத்தின் வழியாகக் குடலைத் தாக்கும் கிருமிகள் பரவும். கூண்டைத் தொட்ட குழந்தைகள் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். ஒற்றை அறை வீடாயின், கூரைச் சரிவின் கீழ் வெளிச்சுவரோரம் சாரலடிக்காத இடமாகப் பார்த்து வையுங்கள்.

இனி மிக முக்கியமான செய்தி. பிறந்த குஞ்சின் எடை 7, 8 கிராம்தான். முதல் வாரம் அதற்கு 35 முதல் 37 டிகிரி சென்டிகிரேடு வெப்பம் வேண்டும். முன்பு ஒரு குண்டு பல்பைத் தொங்கவிட்டோம், காரியம் நடந்தது. இப்போது வீடெங்கும் எல்.இ.டி. பல்பு. அதில் வெளிச்சம் உண்டு, குஞ்சுக்குப் போதிய சூடு கிடையாது. பல்பு எரிகிறதே என்று நம்பிப் படுத்துவிட்டு, விடிந்ததும் குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து செத்துக் கிடப்பதைக் காண நேரும். பழைய குண்டு பல்போ, குஞ்சுகளுக்கென விற்கும் அகச்சிவப்பு பல்போதான் உதவும். அதையும் ஓலைக்கும் சாக்குக்கும் எட்டத் தொங்கவிடுங்கள். கூரை வீட்டில் ஒரு பொறி போதும். மின்சாரம் போகிறதென்று கரிச்சட்டியை மூடிய அறைக்குள் வைப்போரும் உண்டு. கரி அடுப்பிலிருந்து எழும் நச்சு வாயுவுக்கு நிறமில்லை, வாசனையுமில்லை. குஞ்சுகளை மட்டுமல்ல, அதே அறையில் உறங்கும் பிள்ளைகளையும் கொன்றுவிடும். இதைச் செய்யவே கூடாது.

குஞ்சுகளுக்குத் தரையில் செய்தித்தாள் விரிப்பதும் தவறு. வழுக்கிக் கால்கள் அகன்று நொண்டியாகும். சாக்குத் துணி விரியுங்கள். தண்ணீர்த் தட்டில் கூழாங்கற்களைப் பரப்புங்கள். இல்லையேல் குஞ்சு அதிலேயே விழுந்து மூழ்கும்.

இவ்வளவு பாடும் சிறு விவசாயிக்குத் தேவைதானா? முதல் தடவை வளர்ப்போர் ஒரு நாள் குஞ்சு வாங்காமல், 3 வாரக் காடைகளை வாங்குவதே மேல். விலை சற்றுக் கூடத்தான் இருக்கும். ஆனால் வெப்பம் கொடுக்கும் தொல்லை பெரும்பாலும் தீர்ந்துவிடுகிறது. பெட்டையா சேவலா என்றும் பார்த்து வாங்கலாம். மார்பில் கரும்புள்ளிகள் இருந்தால் பெட்டை. புள்ளியின்றிச் செம்பழுப்பாக இருந்தால் சேவல். விற்பவர் கலந்து கொடுத்தால் எடுக்காதீர்கள். ஒவ்வொன்றாகக் கையில் பிடித்து, மார்பைப் பார்த்தே எண்ணி வாங்குங்கள்.