ஒருவரிடம் மட்டும் இருக்கும் அறிவு

இடம்பெயரும்போது எதை எடுத்துச் செல்வது என்ற கேள்விக்கு எம்மில் பலர் ஒருமுறைக்கு மேல் முகங்கொடுத்திருக்கிறோம். காணி உறுதி, அடையாள அட்டை, ஒரு மூட்டை நெல் என்று கையில் அகப்பட்டதைக் கட்டினோம். எமது சங்கங்களின் அறிவைக் கட்டியெடுக்க எவரும் நினைக்கவில்லை.

எந்த வாய்க்கால் எந்த வயலுக்கு முதலில் பாயவேண்டும், எந்தக் கிணறு கோடையில் உவர்க்கும், எந்த நிலத்துக்கு மொட்டைக்கறுப்பன் பொருந்தும், யாருக்கு எவ்வளவு கடன் கொடுக்கப்பட்டது என்பவை பெரும்பாலும் ஒரு தலைவரின் அல்லது பொருளாளரின் தலைக்குள்ளேயே இருந்தன. 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமத்து மக்கள் எழுந்து நடந்தபோதும், 2009 வரை வன்னி மக்கள் ஊர் ஊராக அலைந்தபோதும், அறிந்தவர்கள் திசைக்கொருவராயினர். அவர்களோடு அந்த அறிவும் போயிற்று.

ஓரிடத்தில் மட்டும் இருப்பது ஓரிரவில் அழியும். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அச்சிட்ட நூலை மறுபடி வாங்கலாம். படியெடுக்காத ஓலைச் சுவடியை எங்கே வாங்குவது?

எமது கூத்து இதற்கு மாற்றுவழி காட்டுகிறது. மட்டக்களப்பில் அண்ணாவியார் கூத்தின் ஏட்டைப் பெட்டியில் பூட்டி வைப்பதோடு நிற்பதில்லை. சட்டங்கொடுத்து, அவரவர் பாத்திரத்துக்குரிய பாட்டை அவரவர் கையில் ஒப்படைக்கிறார். மாதக்கணக்கில் நடக்கும் பழக்கத்தில் பிற்பாட்டுக்காரருக்கும் பார்த்திருக்கும் சிறுவருக்கும் கூத்து மனப்பாடமாகிறது. ஆட்டக்காரர் ஒருவர் இல்லாவிட்டாலும் கூத்து நிற்காது. பழக்கியதால் அண்ணாவியாரின் மதிப்புக் குறைந்ததுமில்லை. அறிந்ததைச் சொன்னால் தம் இடம் போய்விடும் என்று அஞ்சும் சங்கத் தலைவர்கள் இதை எண்ணிப் பார்க்கவேண்டும்.

பயணமும் அப்படியே. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கற்பித்த சு. வித்தியானந்தன் 1960களில் மட்டக்களப்புக்கும் மன்னாருக்கும் சென்று அண்ணாவிமாரைக் கண்டார். கண்டதைத் தம்மோடு வைத்திருக்கவில்லை. கூத்து நூல்கள் அச்சேறின. மாணவர் கூத்துப் பழகினர். இராவணேசன் மேடையேறியது. இன்று எமது பிரதிநிதிகளும் வேறு மாவட்டங்களுக்குக் களப்பயணம் போகிறார்கள். அறிக்கை ஆங்கிலத்தில் எழுதப்பட்டு நிறுவனத்தின் கோவைக்குள் போய்விடுகிறது. வாகனம் ஊருக்குத் திரும்புகிறது, கற்றது திரும்புவதில்லை.

ஆகவே மூன்று காரியங்களை நாம் வழக்கமாக்குவோம். சங்கத்தின் ஒவ்வொரு பொறுப்பையும் இருவராவது அறிந்திருக்கட்டும். அவர்களில் ஒருவர் இளையவராக இருக்கட்டும். கூட்டக் குறிப்புக்கும் கணக்குக்கும் ஒரு படி எடுத்து வேறோர் ஊரில் வைப்போம். பயணம் போய்வந்தவர் அடுத்த கூட்டத்திலேயே, தமிழில், எல்லாருக்கும் விளங்கச் சொல்லட்டும்.

இது மறுபடி ஓடுவதற்கான ஆயத்தமல்ல. ஊர் திரும்புவதற்கும் அறிவு வேண்டும். பற்றை மண்டிய காணியில் வேலி எங்கே நின்றது, வாய்க்கால் எப்படி ஓடியது என்று சொல்லக்கூடிய முதியவர்கள் எம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதுவோம்.