"எயிட்ஸ் பூனை" என்றொரு பொய்ப் பெயர்

"உமக்குப் புத்தி பேதலித்துவிட்டதா? எயிட்ஸ் பிடித்த பூனையைப் பேரப்பிள்ளைகள் நடமாடும் வீட்டில் வைத்திருக்கிறீராமே!"

கனடாவிலிருந்து தொலைபேசியில் அழைத்த நண்பர், சுகம் விசாரிப்பதற்கு முன்னரே இப்படித் தொடங்கினார். ஒரே ஆசிரியபீடத்தில் பல்லாண்டுகள் என்னோடு பணியாற்றியவர். உறுதிப்படுத்தாத செய்தியை அச்சுக்கு அனுப்பக்கூடாதென இளையவர்களுக்குப் போதித்தவர். அவருக்கு அன்று சொல்லி முடிக்க இயலாமற்போன மறுமொழியை இங்கே எழுதுகிறேன்.

வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையில் திரிந்த கடுவன் அது. தோளிற் கடிகாயம் சீழ்பிடித்த நிலையில் எங்கள் படிக்கட்டின் கீழ் வந்து ஒதுங்கியது. மிருக வைத்தியர் புண்ணைத் துப்புரவாக்கினார், இரத்தத்தைச் சோதித்தார், எப்.ஐ.வி. தொற்று உண்டென்றார். அதே மூச்சில், "விரும்பினால் ஊசி போட்டு முடித்துவிடலாம், ஐயா" என்றார். காய்ச்சல்கூட இல்லாத மிருகத்துக்கு மரண தண்டனை! மறுத்துவிட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

1986இல் கலிபோர்னியாவின் டேவிஸ் நகரிலுள்ள பல்கலைக்கழகத்தில் நீல்ஸ் பெடர்சன் குழுவினர் இவ்வைரசைக் கண்டறிந்தனர். மனிதரைத் தாக்கும் எச்.ஐ.வி.க்கு இது உறவுக் கிருமி என்பது மெய்யே. ஆனால் மனிதருக்கு இது தொற்றாது. பூனைக்குப் பூனை தொற்றுவதும் பெரும்பாலும் ஆழமான கடியினாலேயே. அதனாற்றான் சண்டையிட்டுத் திரியும் கடுவன்களிடம் அதிகம் காணப்படுகிறது. தொற்றிய பின்னரும் பல்லாண்டுகள் நலமாக வாழும் பூனைகள் ஏராளம். சோதனை முடிவை மட்டும் வைத்துக்கொண்டு பூனையைக் கொல்லலாகாதென அமெரிக்கப் பூனை மருத்துவர் சங்கத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டியே கூறுகிறது. இன்னொன்று: வழக்கமான சோதனை தேடுவது கிருமியை அன்று, பிறபொருளெதிரியை. தாயிடமிருந்து அதனைப் பெற்ற குட்டியும், கிருமியே இல்லாமல் "தொற்றுள்ளது" எனத் தவறாக முத்திரை குத்தப்படலாம். ஆறு மாதம் கழிந்தபின் மறுபடி சோதிக்கவேண்டும். பொறுக்காத அவசரக்காரர்கள் எத்தனை குட்டிகளை முடித்திருப்பார்களோ!

இந்தப் பூனையைக் கொல்ல நினைப்பது கிருமியல்ல, ஒரு சொல். அச்சொல்லுக்கு அத்தனை அச்சத்தை ஏற்றியவர்களில் நண்பரும் நானும் அடக்கம். 1987இல் இலங்கையர் ஒருவரிடம் எச்.ஐ.வி. முதன்முதலாகக் கண்டறியப்பட்ட காலத்தில் நாம் இட்ட தலைப்புகளை அவர் மறந்திருக்கலாம், நான் மறக்கவில்லை. "உயிர்கொல்லி" என்று கொட்டை எழுத்திற் போட்டோம். எவ்வாறு தொற்றாது என்பதைக் கடைசிப் பந்தியில் வைத்து, இடம் போதாதபோது அதனையே வெட்டினோம். தொட்டாலே பற்றும் என்று சனங்கள் நோயாளரைத் தெருவில் விட்டதற்கு நமக்குப் பங்கில்லையா?

"மனிதருக்கே மருந்தில்லாத நாட்டில் பூனைக்கு வைத்தியமா?" என்றும் கேட்டார். 2022இல் மருந்துக்கடை வாசல்களிற் கால்கடுக்க நின்றவன் நான், அவர் நிற்கவில்லை. என் ஓய்வூதியத்திற் பூனைக்குச் செலவாகும் தொகை, எந்த நோயாளியின் குளிசையையும் பறித்ததன்று. அவர் வாரந்தோறும் உணவகத்திற் செலவிடுவதை நான் கணக்குக் கேட்டதுண்டா?

சிரமம் இல்லையென்று நான் சொல்லவில்லை. முரசு அடிக்கடி வீங்குகிறது. அப்போது சோற்றை மீனுடன் குழையப் பிசைந்து ஊட்டவேண்டும். நோயெதிர்ப்புக் குன்றிய உடம்பு என்பதால் பச்சை மீனுக்குத் தடை. மீன்காரர் வாசலுக்கு வரும் நேரங்களில் அது எழுப்பும் ஓலத்தை அயலவர்கள் சகித்துக்கொள்கிறார்கள். கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்தாயிற்று. வெளியே விடுவதில்லை. பேரப்பிள்ளைகளுக்கு நான் விதித்த விதி ஒன்றே: விளையாடியபின் கை கழுவுக. எந்தப் பூனைக்கும் அது பொருந்தும்.

நண்பர் ஆவணியிற் கொழும்பு வருகிறாராம். பூனையை அகற்றினால் மட்டுமே எங்கள் வீட்டில் தங்குவாராம். வெள்ளவத்தையில் விடுதிகளுக்குக் குறைவில்லை; முகவரிகளை அனுப்பியிருக்கிறேன்.