கிட்டங்கியில் தண்ணீர் ஏறுமுன்

நத்தார்ச் சோடனைகளை முந்தி வாங்கிவிடுங்கள், பிந்தினால் நல்லவை தீர்ந்துவிடும் என்று கொழும்புக் கடைகள் ஒக்டோபரிலேயே கூவத் தொடங்கிவிடுகின்றன. கொழும்பில் இருப்பவர் அதை வியாபாரத் தந்திரம் என்று தள்ளிவிடலாம். அடுத்த வீதியில் இன்னொரு கடை இருக்கும். கிழக்கே அம்பாறை மாவட்டத்துச் சவளக்கடையில் இருப்பவருக்கு அந்த வசதி இல்லை. அவருக்கும் கல்முனைக் கடைத்தெருவுக்கும் நடுவே கிட்டங்கித் தாம்போதி கிடக்கிறது. வடகீழ்ப் பருவமழை வலுத்துவிட்டால் தாம்போதிக்கு மேலால் தண்ணீர் பாயும். ஓட்டோ நின்றுவிடும், பஸ் நின்றுவிடும். நாவிதன்வெளிப் பக்கத்துச் சனம் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போன காட்சி இது. அந்த மழை வலுக்கும் மாதங்கள் நவம்பரும் டிசம்பரும். நத்தார்ச் சாமான் கடைக்கு வந்து சேர்வதும் அப்போதுதான்.

எனவே இந்தப் பக்கத்தில் 'முந்தி வாங்கு' என்பதை விளம்பர வாசகமாக மட்டும் எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் எதை முந்துவது, எவ்வளவு முந்துவது, யார் முதலில் முந்த வேண்டும் என்ற கேள்விகளுக்கு விளம்பரத்தில் பதில் இல்லை. என் கருத்தில் வாங்குகிறவர் ஒக்டோபரில் கடைக்கு ஓடுவதால் பெரிய பயன் எதுவும் வரப்போவதில்லை. செப்டெம்பரில் அவர் கடைக்காரரோடு பேசினால்தான் பயன் உண்டு.

முதலில் வாங்குகிறவர்களைப் பார்ப்போம். சவளக்கடையை அண்டிய சொறிக்கல்முனை கத்தோலிக்கர் வாழும் பழைய ஊர். அங்குள்ள திருச்சிலுவைத் திருத்தலம் மட்டக்களப்பு, அம்பாறை இரண்டு மாவட்டங்களிலும் பெயர்பெற்றது. கல்முனை நகரில் கத்தோலிக்கரும் மெதடிஸ்தரும் இருக்கிறார்கள். கார்மேல் பற்றிமாவும் உவெஸ்லியும் அவர்கள் தொடங்கி வளர்த்த பள்ளிக்கூடங்கள். எல்லோரையும் சேர்த்துப் பார்த்தாலும் இந்தக் கரையோரத்தில் கிறிஸ்தவர்கள் சிறு தொகையினர்தான். விற்பவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம் முதலாளிமார். நோன்புப் பெருநாள் உடுப்பு, தீபாவளி உடுப்பு, நத்தார் மரம், பொங்கல் பானை என்று ஆண்டு முழுவதும் ஒரே கண்ணாடி அலுமாரியில் பொருள் மாறி மாறி வரும். இந்த ஊர்களின் சகவாழ்வைப் பற்றி மேடையில் பேசுகிறவர்கள் இந்த அலுமாரியை ஏனோ கவனிப்பதில்லை.

வாங்குவோர் தொகை சிறியது என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. நீர்கொழும்பில் ஒரு கடை ஐந்நூறு நட்சத்திரம் எடுத்துப் போட்டாலும் விற்றுவிடும். கல்முனைக் கடைக்காரருக்குப் பத்து கூடினாலும் பாரம், பத்து குறைந்தாலும் முறைப்பாடு.

அவருடைய இடத்தில் இருந்து கணக்குப் பார்ப்போம். ஒரு மின்நட்சத்திரம் புறக்கோட்டை மொத்தக் கடையில் 800 ரூபா என்று வைத்துக்கொள்வோம். கல்முனையில் 1,200க்கு விற்கிறார். விற்றால் 400 இலாபம். விற்காமல் தேங்கினால் 800 முடங்கும். ஒரு முறைதான் கொள்வனவு, ஒரு முறைதான் விற்பனை என்ற நிலையில் பொருளியலார் போடும் கணக்கு எளிமையானது. கிடைக்கக்கூடிய இலாபத்தை, இலாபமும் நட்டமும் சேர்ந்த தொகையால் வகுக்க வேண்டும். 400ஐ 1,200ஆல் வகுத்தால் மூன்றில் ஒன்று. அதாவது மூன்று ஆண்டில் ஓர் ஆண்டு மட்டுமே கேட்போர் அனைவருக்கும் போதுமான அளவு எடுப்பதுதான் அவருக்குக் கட்டுப்படியாகும். மற்ற இரண்டு ஆண்டும் சாமான் தீர்ந்துபோவது அந்தக் கணக்குக்குள்ளேயே இருக்கிறது. தேங்கியதை அடுத்த ஆண்டு கொள்விலையில் பாதிக்காவது தள்ளிவிடலாம் என்றால் நட்டம் 400 ஆகக் குறையும். அப்போதும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை தீரத்தான் செய்யும். நல்ல நட்சத்திரம் 20ஆந் திகதியே முடிந்துவிட்டது என்று நாம் கோபப்படுகிறோமே, அதில் கடைக்காரரின் கவனக்குறைவு எதுவும் இல்லை. காற்பணத்தைக் காக்கத் தெரிந்த ஒரு மனிதரின் கணக்கு அது.

தேங்கியதைச் சும்மா வைத்திருக்கவும் முடியாது. கடற்காற்று வீசும் ஊரில் பெட்டிக்குள் இருக்கும் மின்கம்பி ஒரு வருடத்தில் துருவேறும். பளபளப்புத் தாள் மங்கும், எலி கடிக்கும். அடுத்த ஆண்டு வேறு நிறம் மோஸ்தராகிவிடும்.

இந்தச் சாமான்கள் எங்கிருந்து வருகின்றன? உலகச் சந்தையின் நத்தார்ச் சோடனைகளில் பெரும்பங்கு சீனாவின் செஜியாங் மாகாணத்திலுள்ள ஈவு நகரத்திலிருந்து போகிறது. டிசம்பரில் தொங்கவேண்டியதை அங்கே கோடைகாலத்திலேயே செய்து முடித்துக் கொள்கலனில் ஏற்றிவிடுகிறார்கள். கொழும்புத் துறைமுகம், பிறகு கெய்சர் வீதியும் குறுக்குத் தெருக்களும், பிறகு கிழக்குக்கு லொறி. கல்முனைக் கடைக்காரர் இந்தச் சங்கிலியின் கடைசி வளையம். புறக்கோட்டையில் செக் கொடுத்து, இரண்டு மூன்று மாதத் தவணையில் சாமான் எடுக்கிற பழக்கம் பல முதலாளிமாருக்கு உண்டு. செக் பணமாகும் நாளுக்குள் சாமான் விற்றிருக்க வேண்டும். அவர் எவ்வளவு எடுக்கிறார் என்பது பெரும்பாலும் ஓகஸ்டிலும் செப்டெம்பரிலும் முடிவாகிவிடும். நவம்பரில் தீர்ந்துபோனால் திரும்ப எடுப்பது எளிதல்ல. புறக்கோட்டையிலும் அப்போது நல்லது தீர்ந்திருக்கும், மிச்சம் விலை ஏறியிருக்கும்.

இந்தச் சங்கிலி அறுந்த ஆண்டுகளும் உண்டு. 2021 மார்ச்சில் எவர் கிவன் கப்பல் சுயஸ் கால்வாயில் ஆறு நாள் குறுக்கே கிடந்தது. அந்த ஆண்டு முழுவதும் கொள்கலன் தட்டுப்பாடு. அதே ஆண்டு செப்டெம்பரில் இலங்கை மத்திய வங்கி 623 வகை இறக்குமதிப் பொருட்களுக்கு முழுத் தொகையையும் முன்கூட்டியே வைப்பிலிட வேண்டும் என்று விதித்து, ஒக்டோபர் முதலாந் திகதி அதை விலக்கியது. மூன்று வாரம்தான். ஆனால் நத்தாருக்குச் சாமான் இறக்கும் வியாபாரிக்கு அந்த மூன்று வாரமே பருவம். 2022 ஓகஸ்டில் 300க்கும் மேற்பட்ட பொருட்களின் இறக்குமதி தற்காலிகமாக நிறுத்தப்பட்டது, பிறகு படிப்படியாகத் தளர்ந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது மலைநாட்டுப் பாதைகள் பல மண்சரிவில் மூடிக்கொண்டன. உயிர்ச்சேதத்தின் முன் சோடனை லொறியைப் பற்றிப் பேசவே கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் கொழும்பிலிருந்து கிழக்குக்கு வரும் சரக்கு எத்தனை மெல்லிய நூலில் தொங்குகிறது என்பதை அந்த டிசம்பர் காட்டியது.

தண்ணீரைப் பற்றி இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2024 நவம்பர் 26ஆந் திகதி காரைதீவு மாவடிப்பள்ளியில் மத்ரஸா மாணவர்களை ஏற்றிவந்த உழவு இயந்திரம் வெள்ளத்தில் அள்ளுண்டு பிள்ளைகள் உயிரிழந்தார்கள். பாதைக்கு மேலால் ஓடும் தண்ணீர் முழங்காலளவுதானே என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தீர்ந்துவிடும் என்ற பதற்றத்தில் டிசம்பர் மூன்றாம் வாரம் கிட்டங்கியைக் கடக்கப் பார்ப்பது எந்தச் சோடனைக்கும் தகாத விலை.

'தீர்ந்துவிடும்' என்ற சொல்லுக்கு ஒரு மயக்கும் சக்தியும் உண்டு. 1975இல் ஸ்டீபன் வோர்ச்சல் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய கூட்டாளிகளும் ஒரே பிஸ்கட்டைச் சிலருக்குப் பத்து கிடக்கும் போத்தலிலிருந்தும் சிலருக்கு இரண்டே கிடக்கும் போத்தலிலிருந்தும் எடுத்துக்கொள்ளச் செய்தார்கள். இரண்டு கிடந்த போத்தலின் பிஸ்கட்டுத்தான் விரும்பத்தக்கது என்று எடுத்தவர்கள் மதிப்பிட்டார்கள். கடைசி இரண்டு நட்சத்திரத்துக்குக் கையில் இருக்கும் காசையெல்லாம் கொடுப்பவரும் அதே மனிதர்தான். முந்துவதும் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. பிலிப்பைன்சில் செப்டெம்பர் முதலாந் திகதியே நத்தார்ப் பாட்டு ஒலிக்கத் தொடங்கிவிடும். அங்கே அது ஊர்க் கொண்டாட்டம், கையால் செய்யும் பரோல் நட்சத்திர விளக்குக்காரருக்கு நான்கு மாத வேலை. இறக்குமதிப் பெட்டியை மட்டும் நம்பியிருக்கும் நமக்கு அந்த நான்கு மாதமும் செலவுக் கணக்கில்தான் சேரும். எனவே மரத்தில் தொங்கும் உருண்டைகள், சரிகை, பலூன் போன்றவற்றை முந்தி வாங்க ஒரு காரணமும் இல்லை. அவை கிடைக்காவிட்டால் குறையும் இல்லை. ஒரு சவுக்குக் கிளை போதும் என்று நத்தாரைக் கொண்டாடிய தலைமுறை இன்னும் நம்மோடு இருக்கிறது.

முந்தி வாங்கத் தகுந்தவை மூன்றுதான். மின்நட்சத்திரம், மின்குமிழ்ச் சரம், பாலன் குடிலுக்கான சுரூபங்கள். சுரூபத் தொகுதி ஒருமுறை வாங்கினால் பிள்ளைகள் காலம்வரை நிற்கும். மின்சாமானை முந்தி வாங்குவதன் உண்மையான பயன் அதைச் சோதித்துப் பார்க்கக் காலம் கிடைப்பது. வீட்டில் ஓர் இரவு எரியவிட்டு, கம்பி சூடேறுகிறதா, பிளக் இறுகுகிறதா என்று பார்த்து, பழுதென்றால் கொண்டுபோய் மாற்றலாம். 23ஆந் திகதி வாங்கிய சரத்தை யார் மாற்றித் தருவார்?

குடிலுக்கான வைக்கோலைப் பற்றி ஒரு வார்த்தை. வயல் சூழ்ந்த ஊரில் வைக்கோலுக்கு என்ன பஞ்சம் என்று கேட்கலாம். டிசம்பரில் வட்டையெல்லாம் பெரும்போகப் பயிர் பச்சையாக நிற்கும். காய்ந்த வைக்கோல் சிறுபோக அறுவடையில் எடுத்து நனையாமல் வைத்திருந்தால்தான் உண்டு.

காசின் கதையும் இதேதான். சிறுபோக நெல் விற்ற பணம் ஓகஸ்ட், செப்டெம்பரில் கைக்கு வரும். ஒக்டோபரில் உழவு, விதைநெல், பசளை, கிருமிநாசினி என்று அது வயலுக்குள் திரும்ப இறங்கிவிடும். டிசம்பரில் கமக்காரர் கை வெறுங்கை. அடுத்த காசு பெரும்போக அறுவடைக்குத்தான். அரசாங்க ஊழியருக்குப் பண்டிகை முற்பணம் என்று ஒன்று உண்டு. அது பண்டிகையை ஒட்டித்தான் கைக்கு வருகிறது, கடைக்காரர் கொள்வனவை முடித்து மாதங்கள் ஆன பிறகு. 'முந்தி வாங்கு' என்று புத்தி சொல்பவர்கள் மாதச் சம்பளக்காரரை மனதில் வைத்துப் பேசுகிறார்கள். அவருக்கே அது பொருந்தவில்லை.

ஆகவே கொஞ்சம் காசு இருக்கும் மாதம் செப்டெம்பர். கடைக்காரர் கொழும்புக்குப் போகும் மாதமும் அதுவே. தாம்போதி காய்ந்து கிடக்கும். சொறிக்கல்முனைத் திருவிழாவும் அந்த மாதத்தில்தான் வருகிறது, அயலூரெல்லாம் ஒன்றுகூடும். முழு விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை. "காக்கா, எனக்கு இந்த வகையில் ரெண்டு வேணும்" என்று சொல்லி, நாலில் ஒரு பங்கு முற்பணம் கட்டிவிட்டு வரலாம். முப்பது குடும்பம் அப்படிச் செய்தால் மேலே போட்ட கணக்கு மாறிவிடும். அவர்கள் பதிந்தவை தேங்காது என்று தெரிந்தால், அதற்கு மேல் இன்னும் பத்து எடுக்க முதலாளிக்குத் துணிவு வரும். மொத்தக் கடையில் விலை பேசவும் அவருக்கு ஒரு பிடி கிடைக்கும்.

முற்பணம் வாங்கிக்கொண்டு சாமான் தராத கடைகளும் இருக்கின்றன என்பது உண்மை. அதனால் கடை முத்திரையிட்ட பற்றுச்சீட்டில் பொருள், விலை, தரும் நாள் மூன்றும் எழுதியிருக்க வேண்டும். பங்குமக்கள் சங்கமோ மாதர் சங்கமோ ஒன்றாகச் சேர்த்துப் பதிந்தால் ஏமாற்றவும் முடியாது, ஓட்டோக் கூலியும் ஒரு தரத்தோடு முடியும்.

நம்முடைய கடைக்காரர்களுக்கு இது புதிய வித்தையும் அல்ல. ஒவ்வோர் ஆண்டும் பத்துப் பதினொரு நாள் முந்திவரும் நோன்புப் பெருநாளுக்குச் சரக்குச் சேர்ப்பவர்கள் அவர்கள். இடம் மாறாத டிசம்பர் 25 அவர்களுக்கு இலேசு. ஆனால் ஒரு சோதனை முன்னால் இருக்கிறது. 2000ஆம் ஆண்டு நத்தார் முடிந்து சில நாளில் நோன்புப் பெருநாள் வந்தது. பிறையின் சுற்றில் 2033 டிசம்பரிலும் பெருநாள் நத்தாரை ஒட்டியே, 23ஆந் திகதியளவில் வரும். அந்த ஆண்டு ஒரே முதலுக்கும் ஒரே அலுமாரிக்கும் இரண்டு பண்டிகை போட்டியிடும். இலாபம் கூடிய உடுப்பு இருக்க, நட்சத்திரத்துக்கு யார் முதல் போடுவார்? பதிவுக் கொப்பியில் பெயரும் முற்பணமும் இருந்தால்தான் போடுவார்.

கல்முனை வர்த்தகர்கள் இந்த செப்டெம்பரிலேயே அந்தக் கொப்பியை மேசையில் வைக்கட்டும். சவளக்கடை, சொறிக்கல்முனை மக்களும் திருவிழா முடிந்த கையோடு போய்ப் பெயரைப் பதியுங்கள். பற்றுச்சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள்.