மருந்து பம்பு தூக்குபவரைக் கேட்காமல் என்ன ஆபத்துக் கணக்கு?



உங்கள் தோட்டத்தில் ஆபத்து மதிப்பீடு செய்திருக்கிறார்களா என்று கேட்டுப் பாருங்கள். "செஞ்சாச்சு, ஆபீஸ் பைலில இருக்கு" என்பார் கிராணி. சரி, யார் வந்து பார்த்தார்கள்? எந்த நிரைக்குள் நடந்தார்கள்? காலையில் பெரட்டு முடிந்து, பம்பை முதுகில் மாட்டிக்கொண்டு செம்பனைக்குள் போகிற அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டார்களா? கேட்காமல் எழுதியிருந்தால் அது வெறும் காகிதம் என்றுதான் சொல்லுவோம்.

இது தோட்டத்துரை மனசு வைத்துச் செய்கிற தர்மம் இல்லை. 1994-ஆம் ஆண்டுத் தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 2022-இல் திருத்தப்பட்டது. அந்தத் திருத்தம் 2024 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கிறது. வேலையிடத்து ஆபத்துகளை முதலாளி மதிப்பிட வேண்டும், கட்டுப்படுத்த வேண்டியது என்று தெரிந்தால் கட்டுப்படுத்தவும் வேண்டும் என்று அது சொல்கிறது. ரசாயன மருந்துகளுக்கு 2000-ஆம் ஆண்டு விதிகளின்படி தனி மதிப்பீடே உண்டு. ஐந்து வருடம் கடந்தாலோ, வேலை முறை பெரிதாக மாறினாலோ அதை மறுபடி பார்க்க வேண்டும்.

பாராகுவாட்டை மறந்திருக்க மாட்டீர்கள். ஒரு வாய் உள்ளே போனாலே உயிர் போகும். அதற்கு முறிவு மருந்தும் கிடையாது. 2002-இல் அதற்குத் தடை என்று அறிவித்தார்கள். 2006-இல் தளர்த்தினார்கள். முழுத் தடை வந்தது 2020 ஜனவரி 1-இல்தான். அத்தனை வருடமும் அந்த நீல மருந்தைச் சுமந்த முதுகு யாருடையது என்று உங்களுக்கே தெரியும். இப்போது, "அதான் போயிடுச்சே, இனி என்ன பயம்?" என்கிறார்கள் சிலர். களை சாகிற மருந்து எதுவானாலும் உடம்புக்கு ஆகாது. பெயர் மாறியதால் கவனத்தைக் குறைத்துக்கொள்ளக் கூடாது.

மதிப்பீட்டுக்கு ஆள் வந்தால் முதலில் மருந்து கலக்கும் இடத்தைக் காட்டுங்கள். தண்ணீர் சேராத கெட்டி மருந்தைக் கையாளுவது அங்கேதான். அங்கே கை கழுவத் தண்ணீர் இருக்கிறதா? சோப்பு இருக்கிறதா? அடுத்தது பம்பு. மூடி சரியாக இறுகாமல் முதுகு நனையும். நாமோ வேர்வை என்று நினைத்து மாலை வரைக்கும் அப்படியே நடப்போம். மருந்து தோல் வழியாகவும் உள்ளே போகும், அம்மா! கர்ப்பிணிகளையும் பால் கொடுக்கும் தாய்மார்களையும் இந்த வேலைக்கு அனுப்பவே கூடாது என்பது நம் கருத்து. அவர்களுக்கு வேறு வேலை கொடுக்கட்டும், சம்பளம் குறையாமல்.

"மாஸ்க் கொடுத்தோம், போடமாட்டேங்கிறாங்க" என்பது மண்டோரின் வழக்கமான புகார். உச்சி வெயிலில் அதைப் போட்டு மூச்சுவிட்டுப் பார்த்தால்தான் தெரியும். அதிலும் இத்தனை பம்பு அடித்தால் இத்தனை வெள்ளி என்று கணக்கு வைத்தால், யார் நின்று நிதானமாக மாஸ்க்கைச் சரி செய்வார்கள்? அந்தக் கூலிக் கணக்கும் ஓர் ஆபத்துதான், அதையும் எழுதச் சொல்லுங்கள். அந்த மருந்து தேவையா, அரிவாளால் வெட்டினால் போதாதா, விஷம் குறைந்தது கிடைக்காதா என்று பார்த்த பிறகுதான் மாஸ்க்கும் கையுறையும். இங்கே வரிசையைத் தலைகீழாக்கி, பழியை நம் மேல் போடுகிறார்கள். பாதுகாப்புச் சாமானுக்கு நம்மிடம் காசு பிடிக்கவும் சட்டத்தில் இடமில்லை.

வீட்டிலும் ஒன்றைக் கவனியுங்கள். மருந்தடித்த துணியைப் பிள்ளைகள் துணியோடு சேர்த்து ஊற வைக்காதீர்கள். காலி மருந்து டின் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் தண்ணீர் பிடிக்க ஆகாது.

நாற்பது பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் குழு இருக்க வேண்டும், அதில் தொழிலாளர் பிரதிநிதியும் இருக்க வேண்டும். உங்கள் தோட்டத்தில் அவர் யார் என்று தெரியுமா? தெரியாவிட்டால் சங்கக் கிளைத் தலைவரிடம் கேளுங்கள். இந்தோனேசிய, வங்காளதேசத் தொழிலாளர்களையும் கூட்டத்துக்குக் கூப்பிடுங்கள். அவர்கள் தூக்குவதும் அதே பம்புதான்.

உடனடி ஆபத்து என்று நியாயமாக நம்பக் காரணம் இருந்தால் முதலில் நிர்வாகத்திடம் சொல்லுங்கள். அவர்கள் ஒன்றும் செய்யாவிட்டால் அந்த வேலையை விட்டு விலகிக்கொள்ளும் உரிமை இப்போது சட்டத்தில் இருக்கிறது. அதற்காக உங்களைப் பழி வாங்கக் கூடாது. சொல்லும்போது பக்கத்தில் ஒரு சாட்சி இருக்கட்டும். தேதியையும், எந்த நிரை, எந்தப் பம்பு என்பதையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். எழுத வராதவர்கள், பள்ளிக்கூடம் போகிற பிள்ளையிடம் சொல்லி எழுதச் சொல்லுங்கள்.