விரல் வலிக்கு தையல் மெஷின் மட்டும்தான் காரணமா? முடக்குவாதத்தை ரத்தம் எப்படிக் காட்டும்?

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் ஓவர்லாக் மெஷினிலும் செக்கிங் டேபிளிலும் உழைப்பவர்களுக்கு விரல் வலி புதிதல்ல. ‘நாள் முழுக்க தைச்சா வலிக்கத்தான் செய்யும்’ என்று தைலம் தடவிக்கொண்டு அடுத்த ஷிஃப்டுக்குக் கிளம்பிவிடுவார்கள். ஆனால் சிலருக்கு அது முடக்குவாதமாகவும் இருக்கலாம். ஆண்களைவிட பெண்களுக்கே இந்த நோய் அதிகம் வருகிறது.

எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

வேலையால் வரும் வலி பெரும்பாலும் ஓய்வெடுத்தால் குறையும். முடக்குவாதம் நேர்மாறு. காலையில் எழுந்ததும் அரை மணி நேரத்துக்கு மேல் விரல்கள் மடங்காமல் விறைத்திருக்கும். இரு கைகளிலும் சிறு மூட்டுகள் வீங்கும்.

ரத்தத்தில் என்ன தெரியும்?

நோய் எதிர்ப்பு செல்கள் சொந்த மூட்டுகளையே தாக்குவதுதான் முடக்குவாதம். இதில் ‘பி செல்’ வழியாக உருவாகும் ஆர்.எஃப்., ஆன்டி சி.சி.பி. ஆகிய எதிர்ப்பொருட்களை ரத்தத்தில் பார்க்கலாம். சிலருக்கு வலி தொடங்கப் பல ஆண்டுகளுக்கு முன்பே இவை தென்படும்.

செல்களின் மேற்பரப்பில் உள்ள சி.டி.4, சி.டி.20 போன்ற அடையாளப் புரதங்களை எண்ணும் டெஸ்ட்டும் உண்டு. நோயைக் கண்டறிய இது வழக்கமாகத் தேவைப்படாது. ஆனால் ரிட்டுக்சிமாப் மருந்து, சி.டி.20 உள்ள பி செல்களைக் குறிவைத்தே வேலை செய்கிறது.

பஞ்சுத் தூசிக்கும் தொடர்பா?

மலேசியப் பெண்களிடம் நடந்த ஆய்வு ஒன்று 2015 டிசம்பரில் வெளியானது. வேலையிடத்தில் ஜவுளித் தூசியைச் சுவாசித்தவர்களுக்கு முடக்குவாத ஆபத்து ஏறக்குறைய 3 மடங்கு அதிகம் என்றது அது. குறிப்பிட்ட மரபணு வகையும் சேர்ந்தால் ஆபத்து இன்னும் கூடியது. இது தொடர்பைக் காட்டுகிறதே தவிர, தூசிதான் காரணம் என்று நிரூபிக்கவில்லை.

ரிசல்ட் நெகட்டிவ் என்றால் நிம்மதியா?

இல்லை. நோய் உள்ளவர்களில் சுமார் 20 முதல் 30 சதவீதம் பேருக்கு இரண்டு டெஸ்ட்டுமே நெகட்டிவாக இருக்கலாம். மறுபுறம், காசநோய், ஹெபடைட்டிஸ் சி உள்ளவர்களுக்கும் ஆர்.எஃப். பாசிட்டிவ் வரலாம். அதனால் ரிப்போர்ட்டோடு மூட்டுகளையும் பார்த்துத்தான் டாக்டர் முடிவெடுப்பார்.

என்ன செய்யணும்?

வீக்கமும் காலை விறைப்பும் 6 வாரம் நீடித்தால், அதற்கு மேல் தள்ளிப்போட வேண்டாம். ஈ.எஸ்.ஐ. அட்டை இருப்பவர்கள் அங்கேயே காட்டிக் கேட்கலாம். வலி மாத்திரை வலியை மட்டுமே அடக்கும். மூட்டு அரிப்பதைத் தடுக்காது. மெத்தோட்ரெக்ஸேட் போன்ற மருந்தை டாக்டர் கண்காணிப்பில் சீக்கிரம் தொடங்கினால்தான் விரல்கள் கோணாமல் காக்க முடியும். பீஸ் ரேட்டுக்கு தைப்பவருக்கு அந்த விரல்கள்தான் சம்பளம்.